பிறர் தூண்டுதலின்றி

'நான் நல்ல புத்தியுடனும் பூரண ஞாபக சக்தியுடனும் இருக்கும் இச்சமயத்தில், பிறர் தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இன்றி, என் சுய இஷ்டப்படி மனப்பூர்வமாய் எழுதி வைத்த சாசனம் என்னவென்றால்...' தமிழ்நாட்டில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் இருக்கிற பத்திர எழுத்தருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம் இது. சில சொற்கள் முன்னே பின்னே இருக்கலாம். நம் மொழியில் மிக அதிகத் தடவை எழுதப்பட்ட உரைநடை வாக்கியங்களில் ஒன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு யாரும் வாசித்ததாக என் பார்வைக்கு வரவில்லை. வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த வாக்கியம் ஒரு முழு மனிதனைக் கற்பனை செய்கிறது. புத்தி தெளிந்தவன், எதையும் மறக்காதவன், தன் இஷ்டம் இன்னதென்று தானே அறிந்தவன், அதைவிட முக்கியமாக, பக்கத்தில் யாருமே இல்லாதவன். சட்டத்தின் தன்னிலை இவன்தான்.

இப்போது அந்த வாக்கியத்தில் கையெழுத்துப் போடுகிறவரைப் பாருங்கள். எழுபது வயதுப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை விற்கிறார். விலை பேசியது தரகர். விற்கச் சொன்னது மகன். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் எழுத்தருக்குத்தான் தெரியும். வில்லங்கச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று வக்கீலைக் கேட்டால்தான் உண்டு. இரண்டு சாட்சிகள் டீக்கடையில் காத்திருக்கிறார்கள். 'எங்க தம்பி போடணும்?' 'இந்தா, இங்க போடுங்க பெரியவரே, ஒவ்வொரு பக்கத்துலயும்.' போடுகிறார். பிறர் தூண்டுதலின்றி! இத்தனை பேரையும் ஒரே சொற்றொடரில் அழித்துவிட்டு அந்தப் பிரதி அவரைத் தனியாக நிறுத்துகிறது. யாரும் அவரிடம் 'உங்களுக்கு முடிவெடுக்கும் தகுதி இருக்கிறதா' என்று கேட்பதில்லை.

அதே அலுவலகத்துக்கு அறிவுசார் குறைபாடு உள்ள முப்பது வயது இளைஞர் ஒருவர் தன் அக்காவோடு வந்தால் கதை வேறு. அக்கா அவரிடம் 'இதுல கையெழுத்துப் போட்டா அந்த வீட்டுல நம்ம பங்கு போயிரும், பணம் உன் கணக்குல வரும், சம்மதமா?' என்று பொறுமையாகக் கேட்டுச் சொல்ல வைக்கிறார். பெரியவருக்கு மகன் செய்ததைவிட நேர்மையாகவே செய்கிறார். அங்கே உள்ளிருந்து ஒரு குரல் வரும்: 'கார்டியன் ஆர்டர் இருக்காம்மா?' பெரியவருக்குக் கிடைத்த உதவி, உதவி என்றே கண்ணில் படவில்லை. இளைஞருக்குக் கிடைத்த உதவியோ அவருடைய தகுதியின்மைக்கே சாட்சியமாகிவிட்டது. தகுதி என்பது மண்டைக்குள் இருக்கிற ஒரு சரக்கு, சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை என்பதாகத்தான் நாம் பேசிவருகிறோம். எல்லோருடைய முடிவும் நாலு பேர் தோள்மீதுதான் நிற்கிறது. யாருடைய தோள்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, யாருடையவை மறைக்கப்படுகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

நம் சிறுபத்திரிகைகளில் ஒரு காலத்தில் தன்னிலையின் மரணத்தை வெகு உற்சாகமாக அறிவித்தோம். பூக்கோவைப் படித்தோம், பைத்தியம் எப்படிப் பகுத்தறிவின் மறுபக்கமாகக் கட்டமைக்கப்பட்டது என்று எழுதினோம். பித்தைக் கவிதையின் ஊற்றாகக் கொண்டாடியவர்களும் உண்டு. கொண்டாடியதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் பைத்தியம் என்று முத்திரை குத்தப்பட்டவரின் வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை, வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு வரி வந்திருக்குமா? தன்னிலை செத்துவிட்டது என்று சொல்ல, முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும். தலித் அரசியலும் பெண்ணியமும் நமக்குச் சொன்ன பாடம்தான் இது, இந்த இடத்தில் மட்டும் காதில் ஏறவில்லை.

எதிராளியைப் பித்தன் என்று சொல்லி அவன் ஆவணத்தைச் செல்லாமல் ஆக்கப் பார்ப்பது நமக்குப் பழைய வித்தை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பெரியபுராணத்தில் சுந்தரர் கதையே ஒரு சிவில் வழக்கு. கல்யாணப் பந்தலில் கிழவர் வந்து அடிமை ஓலையைக் காட்டுகிறார், மாப்பிள்ளை அவரைப் பித்தன் என்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வருகிறது, பாட்டன் கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள், கிழவர் ஜெயிக்கிறார். அவை அந்தக் கிழவரின் புத்தியைப் பரிசோதிக்கவில்லை, ஓலையைத்தான் பரிசோதித்தது. பக்தர்கள் இதில் வேறு பொருள் காண்பார்கள். ஒரு மனிதனை அடிமையாக்குகிற ஓலை என்பதும் மறக்கக் கூடாதது. எனக்கு அந்த நடைமுறைதான் முக்கியம்.

சட்டத்துக்கு வருகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. அதன் 11ஆம் பிரிவு 'நல்ல மனநிலை' உள்ளவர்தான் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. 12ஆம் பிரிவு நல்ல மனநிலை என்றால் என்ன என்று சொல்கிறது: ஒப்பந்தம் செய்கிற அந்த நேரத்தில், அதைப் புரிந்துகொண்டு, தன் நலன்மீது அது ஏற்படுத்தும் விளைவு பற்றிப் பகுத்தறிந்த முடிவுக்கு வர முடிய வேண்டும். பகுத்தறிவு! நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிகளில் பணம் போட்டு இழந்த படித்தவர்களை இந்த அளவுகோலால் அளந்தால் எத்தனை பேர் தேறுவோம்? போகட்டும். காலனியச் சட்டம் என்று நாம் தூக்கிப்போடுகிற இதிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கிற நோயாளிகூட இடையிடையே தெளிவாக இருந்தால் அந்த இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அந்தப் பிரிவே உதாரணம் கொடுக்கிறது. அதாவது கேள்வி அந்தக் கணத்தைப் பற்றியது. பின்னால் வந்த நடைமுறைதான் கணத்தை ஆயுளாக்கியது. ஒருமுறை சான்றிதழ் வாங்கிவிட்டால் சாகிற வரை எல்லா விஷயத்திலும் தகுதியில்லை.

அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, என் கணக்கில், இதைவிட முக்கியம். அது தகாத செல்வாக்கு பற்றியது. ஒருவர்மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி அநியாயமான ஆதாயம் அடைந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வயதாலோ நோயாலோ மனத்திறன் பாதிக்கப்பட்டவரோடு செய்யும் ஒப்பந்தத்தையும் இதில் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறார்கள். பேரம் பார்த்தாலே மனசாட்சிக்கு ஒவ்வாதபடி இருந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆதிக்கத்தில் இருப்பவர் தலையில். இரண்டு பிரிவுகளும் பலவீனமானவரைக் காப்பாற்றத்தான் வந்தன. 12 அவரையே சந்தேகிக்கிறது, 'நீ ஆள் இல்லை' என்கிறது. 16 எதிரே இருப்பவனைச் சந்தேகிக்கிறது, 'நீ என்னடா செய்தாய்?' என்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நாம் நூற்றைம்பது வருஷமாக முதல் பாதையைத்தான் அகலப்படுத்தியிருக்கிறோம்.

கைநாட்டு வைப்பவர்களை இதே சட்ட உலகம் எப்படி நடத்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரை 'தகுதியற்றவர்' என்று தள்ளவில்லை. ஆவணத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்: படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு. வெளியே வராத முக்காட்டுப் பெண்கள் கொடுத்த பத்திரங்களை பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே நீதிமன்றங்கள் அப்படியே ஏற்கவில்லை. அவளுக்கு வாசித்து விளக்கப்பட்டதா, சுயமான ஆலோசனை கிடைத்ததா என்று பத்திரத்தால் ஆதாயம் அடைந்தவன் நிரூபிக்க வேண்டும் என்றன. அந்தப் பெண்களை எப்போதும் ஏமாளிகளாகவே பார்த்தது என்ற விமர்சனம் இதன்மேல் உண்டு, நியாயமான விமர்சனம். ஆனாலும் முறையைப் பாருங்கள். ஆவணத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றினார்கள், ஆளை ரத்து செய்யவில்லை. இன்று 'ஆதரவுடன் முடிவெடுத்தல்' என்று ஜெனீவாவிலிருந்து இறக்குமதியான சரக்கு போலப் பேசப்படுவது நம் பத்திரங்களின் கடைசி வரியில் ஏற்கெனவே இருந்தது.

இதைவிட வினோதமான ஒன்று இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் கோயில் விக்கிரகம் ஒரு சட்ட நபர். சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குப் போடும். 1925இல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வீட்டுச் சாமி பற்றிய வழக்கு, பிரமதநாத் முல்லிக் எதிர் பிரத்யும்ன குமார் முல்லிக், பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பூஜைமுறை உள்ள பங்காளிகள் தங்கள் முறை வரும்போது விக்கிரகத்தைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்பது தகராறு. நீதிபதிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்கே இருக்க வேண்டும் என்பதில் விக்கிரகத்தின் விருப்பம் மதிக்கப்பட வேண்டும். அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல, பங்காளிச் சண்டையில் ஆதாயம் இல்லாத ஒருவரை நியமிக்க வேண்டும். 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்தூர் நடராஜர் வழக்கில் தஞ்சை மண்ணின் ஒரு சிதைந்த கோயிலை வழக்காடும் தகுதி உள்ள நபராக ஏற்றுக்கொண்டது, நடராஜர் ஊர் திரும்பினார்.

நான் நையாண்டிக்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்புகள் சரியானவை என்றே நினைக்கிறேன். பேசாத ஒன்றின் விருப்பத்தைக்கூடக் கேட்பதற்கு ஒரு வழிமுறையைச் சட்டத்தால் உண்டாக்க முடிந்திருக்கிறது. நன்கொடையாளரின் நோக்கம், பழைய வழக்கம், தன்னலம் இல்லாத நண்பர் என்று சாட்சியங்களைச் சேர்த்து ஒரு விருப்பத்தை வாசித்தெடுத்தார்கள். ஐ.நா. குழு 2014இல் வெளியிட்ட தன் முதல் பொதுக் கருத்துரையில், ஒருவரின் விருப்பத்தை எவ்வளவு முயன்றும் அறிய முடியாவிட்டால் 'அவருக்கு எது நல்லது' என்று தீர்மானிக்கக் கூடாது, 'அவர் விருப்பத்தின் மிகச் சிறந்த வாசிப்பு எது' என்றே பார்க்க வேண்டும் என்றது. வாசிப்பு என்பது நம் தொழில் ஆயிற்றே, தோழர்களே! விக்கிரகத்துக்கு 1925இல் கிடைத்த வாசகர் ரத்தமும் சதையுமான மனிதருக்குக் கிடைக்கத் தொண்ணூறு வருஷம் ஆகியிருக்கிறது. விக்கிரகம் எதிர்த்துப் பேசாது என்பதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். அதன் பெயரால் பேசுகிறவருக்குத் தொந்தரவு இல்லை. மனிதர் 'வேண்டாம்' என்கிறார், 'எனக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள்' என்கிறார், மாத்திரையைத் துப்புகிறார். தகுதி பற்றிய கேள்வி எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். மருத்துவர் சொன்னதற்குத் தலையாட்டுகிற வரை யாரும் கேட்பதில்லை. மறுத்த பிறகுதான் பரிசோதனை.

சொத்து வைத்திருக்கும் தகுதியும் செயல்படும் தகுதியும் ஒன்றா இரண்டா என்பது பழைய சண்டை. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பைத்தியம், மூடர் என்று பங்குரிமை இல்லாதவர்களை வரிசைப்படுத்துகிறது. 1928இல் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்தத் தடையை நீக்கினார்கள். அதிலும் பிறவியிலேயே மனநிலை சரியில்லாதவரை மட்டும் வெளியே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவில்தான் எந்தக் குறைபாடும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்று ஆனது. பங்கு கிடைத்தது. பங்கைத் தொடும் கை கிடைக்கவில்லை. 2006 ஆகஸ்டில் ஐ.நா. உடன்படிக்கையின் வரைவு முடிவானபோது இதே தந்திரம் ஓர் அடிக்குறிப்பாக வந்தது. 12ஆம் ஷரத்தில் வரும் 'சட்டத் தகுதி' என்பது அரபு, சீன, ரஷ்ய மொழிகளில் உரிமை பெறும் தகுதியை மட்டுமே குறிக்கும், செயல்படும் தகுதியைக் குறிக்காது என்றது அந்தக் குறிப்பு. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் விடாமல் போராடின. டிசம்பர் 13 அன்று உடன்படிக்கை ஏற்கப்பட்டபோது குறிப்பு இல்லை. ஓர் அடிக்குறிப்புக்காக உலகம் முழுக்கச் சண்டை நடந்தது என்பதை மொழியோடு மல்லுக்கட்டுகிற நமக்காவது சொல்ல வேண்டும். இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதை உறுதிப்படுத்தின.

இதெல்லாம் பத்திரம், பங்கு, அடிக்குறிப்பு. உடம்புக்கு வரும்போது என்ன நடக்கிறது?

1994 பிப்ரவரியில் புணேக்கு அருகே ஷிரூரில் அரசு நடத்திய விடுதியில் இருந்த, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட பெண்கள் பலருக்குப் புணே அரசு மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை, வன்புணர்ச்சி நடந்தால் கர்ப்பமாகிவிடுவார்கள் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டாவது காரணத்தை இன்னொரு தடவை படியுங்கள். வன்புணர்ச்சி நடக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டு, அதன் தடயத்தை முன்கூட்டியே அறுத்து எடுக்கிற ஏற்பாடு. பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்பால் மீதி அறுவைகள் நின்றன. அப்போது நடந்த விவாதத்தில் எல்லோரும் பேசினார்கள்: மருத்துவர்கள், அதிகாரிகள், பெற்றோர்கள், இயக்கத்தார்கள். அந்தப் பெண்களின் குரல் மட்டும் அந்த விவாதத்தில் ஒலிக்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து, 2009. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, பெற்றோர் இல்லாத, லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பத்தொன்பது இருபது வயதுப் பெண், அரசுக் காவலில் இருக்கும்போதே வன்புணர்ச்சிக்கு ஆளாகிக் கர்ப்பமாகிறாள். நிர்வாகம் கருவைக் கலைக்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் போகிறது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அவளிடம் பேசுகிறது. குழந்தை வேண்டும் என்கிறாள் அவள். குழுவும் அதையே பரிந்துரைக்கிறது. உயர் நீதிமன்றமோ, அரசே பெற்றோர் என்னும் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, ஜூலை 17 அன்று கலைக்கச் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் நான்கே நாளில் தடை விதித்து, ஆகஸ்ட் 28 அன்று விரிவான தீர்ப்பு எழுதியது. சுசிதா ஸ்ரீவாஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம் என்று பெயர். குழந்தை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்தில் அடங்கிய தனிமனித சுதந்திரம், அவள் சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்றது.

நம் இயக்கத்தார் கொண்டாடிய தீர்ப்பு இது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் விமர்சகனின் வேலை தீர்ப்பு என்ன முடிவு சொன்னது என்பதோடு நிற்பதில்லை, எந்தச் சொற்களால் அந்த முடிவுக்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 'மனநோயாளி' விஷயத்தில் காப்பாளரின் சம்மதம் போதும் என்கிறது. 2002 திருத்தத்துக்குப் பிறகு அந்த வரையறையில் மனவளர்ச்சிக் குறைபாடு சேராது. ஆகவே இந்தப் பெண் மனநோயாளி இல்லை, ஆகவே அவள் சம்மதம் தேவை. தர்க்கம் கச்சிதம். அவள் தப்பித்தாள், பக்கத்துக் கட்டிலில் மனநோய் என்ற சீட்டோடு படுத்திருக்கிற பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு! இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கோட்டைக் கிழித்துத்தான் ஒருத்திக்கு உரிமை கிடைத்தது. அந்தப் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. தீர்ப்பின் இன்னோர் இடத்தில் 'அவளுக்கு எது நல்லது' என்ற அளவுகோலும் வருகிறது. நல்லவேளையாக இந்தமுறை அவள் விருப்பமும் நீதிபதிகளின் கருத்தில் நல்லதும் ஒன்றாக இருந்தன. ஒன்றாக இல்லாதிருந்தால்? 'லேசான' என்ற சொல்லுக்குப் பதில் 'தீவிரமான' என்று மருத்துவர் எழுதியிருந்தால்? 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சம்மதமின்றிக் கருக்கலைப்பது குற்றம் என்று சொல்லும் 92ஆம் பிரிவு, 'தீவிர' குறைபாடு என்றால் மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் போதும் என்று விலக்குக் கொடுக்கிறது.

அந்த 2016 சட்டம் விசித்திரமான பிரதி. 13ஆம் பிரிவைப் படித்தால் புரட்சி நடந்துவிட்டது போலிருக்கும்: மற்றவர்களுக்குச் சமமாகச் சட்டத் தகுதி உண்டு, ஆதரவாளரை மாற்றலாம், நீக்கலாம், ஆதரவாளர் தகாத செல்வாக்கைச் செலுத்தக் கூடாது, பண விஷயத்தில் நலன் முரண்பட்டால் விலகிக்கொள்ள வேண்டும். அடுத்த பிரிவு வரம்புக்குட்பட்ட காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கலாம் என்கிறது. கூட்டாக முடிவெடுக்க வேண்டும் என்கிறது, நல்லது. அதே மூச்சில், தேவைப்பட்டால் 'முழு ஆதரவு' வழங்கலாம் என்கிறது. முழு ஆதரவு என்றால் என்ன? பழைய முழுக் காப்பாளரைத்தான் குளிப்பாட்டி வேட்டி கட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இது இன்னும் அப்பட்டம். அந்தச் சட்டத்தில் நல்ல இடங்கள் உண்டு. மற்றவர்கள் தவறு என்று நினைக்கிற முடிவை எடுத்தார் என்பதாலேயே ஒருவருக்குத் தகுதியில்லை என்று ஆகிவிடாது என்கிற 4ஆம் பிரிவு எந்தப் பெருங்கவிதைக்கும் குறைந்ததில்லை. ஆனால் ஒருவரை அவர் ஒப்பாமல் மருத்துவமனையில் அடைத்து வைப்பதற்கு அதில் வைத்திருக்கும் பெயர் என்ன? 'ஆதரவுடன் சேர்க்கை'! நேற்று வரை எதிர்ப்பின் சொல்லாக இருந்த ஆதரவு இன்று பூட்டின் பெயர். அதிகாரம் எதிர்ப்புச் சொற்களை விழுங்கிச் செரிப்பதைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், இவ்வளவு சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இதே சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேருக்குச் சட்டம் சொல்லும் அஞ்சலி. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் 'அவங்க நல்லதுக்குத்தான்' என்றே சொல்லியிருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த விஷயம் பேசப்பட்ட ஒரு கூட்டத்தில், பேச்சாளர்கள் எல்லோரும் காப்பாளர் முறையை ஒழிக்க வேண்டும் என்று முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். 'நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க. எம் பையனுக்கு நாப்பது வயசு. நான் போனப்புறம் அவன் கையெழுத்த யார் வாங்குவா, எதுக்கு வாங்குவான்னு நெனச்சாத்தான் தூக்கம் வரல. அவனுக்குச் சுதந்திரம் வேணும், ஒத்துக்கிறேன். அவன் சித்தப்பனுக்கு எதுக்குங்க சுதந்திரம்?' மேடையில் யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்வியைப் பிற்போக்கு என்று தள்ளுகிறவர்கள் களத்தில் இறங்காதவர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் பெற்றோர்கள் போராடிப் பெற்றது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டு, பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்குக் காப்பாளர் ஆகிறார்கள். ஏன் போகிறார்கள்? மகனை அடக்கி ஆளும் ஆசையிலா? பெரும்பாலும் வங்கியிலும் பென்ஷன் ஆபீசிலும் 'கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டாங்க' என்று திருப்பி அனுப்புவதால். 13ஆம் பிரிவு சமத்தகுதி தருகிறதே தவிர, ஆதரவாளரோடு வங்கிக் கவுண்டரில் போய் நிற்பதற்கு ஒரு படிவத்தைக்கூடத் தரவில்லை. படிவம் இருப்பது காப்பாளருக்கு மட்டும். 1999 சட்டம் நீக்கப்படாமல் 2016 சட்டத்தோடு பக்கத்தில் கிடக்கிறது. 1987 மனநலச் சட்டத்தில் இருந்த சொத்து மேலாளர் ஏற்பாட்டை 2017 சட்டம் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டது. கோமாவில் கிடப்பவரின் மருத்துவச் செலவுக்கு அவர் கணக்கிலிருந்தே பணம் எடுக்க முடியாமல் குடும்பங்கள் உயர் நீதிமன்றம் போயின. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் அதற்கென்று நெறிமுறை வகுத்தது. காலி இடத்தில் 'அரசே பெற்றோர்' திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த அம்மாவின் பயம் மகனைப் பற்றியதில்லை, சித்தப்பாவைப் பற்றியது. அப்படியானால் பூட்டு சித்தப்பாவுக்குத்தானே போட வேண்டும்? இங்கேதான் 16ஆம் பிரிவின் பாதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய கைமாற்றம் எதுவானாலும், குறைபாடு உள்ளவரோடு பேரம் செய்து ஆதாயம் அடைந்தவர், ஆவணம் எளிய சொற்களில் விளக்கப்பட்டது, அவருக்கு நம்பிக்கையான ஒருவர் கூட இருந்தார், அவசரப்படுத்தவில்லை என்று நிரூபிக்கட்டும். முக்காட்டுப் பெண்களுக்காக நீதிமன்றங்கள் செய்ததுதான். மகன் வாங்கும் சட்டையையோ செல்போனையோ யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பெரு 2018இலும் கொலம்பியா 2019இலும் குறைபாட்டைக் காரணமாக வைத்து வயதுவந்தவர்களின் தகுதியைப் பறிக்கும் முறையை நீக்கிவிட்டு, ஆதரவு ஏற்பாடுகளை எழுத்தில் பதியவும் அவற்றுக்குக் கண்காணிப்பு வைக்கவும் சட்டம் செய்தன. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிவம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

இயக்கத்துக்குள் எனக்கு ஒரு சண்டை மிச்சம் இருக்கிறது. 14ஆம் பிரிவையும் 1999 சட்டத்தின் காப்பாளர் அத்தியாயத்தையும் ஒரே நாளில் நீக்க வேண்டும் என்கிறவர்களோடு கோட்பாட்டளவில் எனக்கு முரண்பாடு இல்லை. வரிசையில்தான் முரண்பாடு. ஆதரவு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் வழியும் வங்கி அதை ஏற்கும் கட்டாயமும் முதலில் வராமல் இதை நீக்கினால், தாய்மார்கள் எல்லோரையும் காப்பாளர் முறையின் பிரச்சாரகர்களாக நாமே ஆக்கிவிடுவோம்.

பேச்சே இல்லாதவர்கள் பற்றிய கேள்வி கடைசியில் வந்தே தீரும். 'அவன்கிட்ட எப்படிங்க கேக்கறது, அவனுக்கு வார்த்தையே வராதே' என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் அம்மாக்களோடு அரை மணி நேரம் இருந்து பாருங்கள். தட்டை இடது கையால் தள்ளினால் புளிப்பு அதிகம், இந்த மாமா வந்தால் அறைக்குள் போய்விடுவான், மழைச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்வான், அந்த டாக்டர் தொட்டால் விறைத்துக்கொள்வான் என்று அடுக்குவார்கள். சம்மதத்துக்கும் மறுப்புக்கும் அவர்களிடம் ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. அது அந்த அம்மாவோடு செத்துப்போகிறது. இப்போது காப்பாளர் மனுவோடு மருத்துவச் சான்றிதழும் அடையாள அட்டையும் வைக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பதில் இந்த இலக்கணத்தை எழுதி வைக்கச் சொல்லலாம், அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆயா என்று தெரிந்த மூன்று நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சமாக, வருஷத்துக்கு ஒருமுறை திருத்தி. அந்த அம்மாவுக்கும் எனக்கும் கூட்டம் முடிந்து பஸ் வரும் வரை நடந்த பேச்சில் இதைத்தான் சொன்னேன். 'எழுதறேன், ஆனா அவன் சித்தப்பன் பேரையும் அதுல எழுதலாமா?' என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.